எட்டு மணி நேர டிரான்சிட்: தோஹாவா, சிங்கப்பூரா, இஸ்தான்புல்லா?

டிக்கெட் போடும்போது இடையில் எட்டு மணி நேரக் காத்திருப்பு என்று காட்டினால் பலரும் வேறு விமானம் தேடுவார்கள். நான் அதையே எடுக்கச் சொல்வேன், எந்த ஊரில் என்று பார்த்துக்கொண்டு. ஏனென்றால் அந்த எட்டு மணி நேரமும் நம் கைக்கு வராது. இமிக்ரேஷன் தாண்ட ஒரு மணி நேரம், திரும்பி வந்து சோதனை வரிசைகளுக்கு இரண்டு மணி நேரம் போனால் மிச்சம் ஐந்து. அதில் போய்வரவே எவ்வளவு நேரம் செலவாகும் என்பதில்தான் இந்த மூன்று ஊர்களும் வேறுபடுகின்றன.

வெளியே போக விசா வேண்டுமா, பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போகிறதா என்பதை மட்டும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்யவே பாதி நேரம் போய்விடும்.

எட்டு மணி நேரத்துக்கு என் தேர்வு தோஹா. விமான நிலையத்திலேயே மெட்ரோ ஏறலாம். சிவப்பு வழித்தடத்தில் முஷைரிப் போய், தங்க வழித்தடத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே சூக் வாகிஃப் சந்தை. அங்கே வல்லூறு விற்கும் பகுதியைத் தவறவிடாதீர்கள். கண்ணை மூடிய தோல் தொப்பியோடு பறவைகள் வரிசையாகத் தாங்கிகளில் அமர்ந்திருக்கும். அங்கிருந்து கடற்கரையோரமாக நடந்தால் 2008-இல் திறந்த இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். ஐ. எம். பெய் வடிவமைத்தது. உள்ளே உயரமான கண்ணாடிச் சுவர் வழியே வளைகுடாவும் எதிர்க்கரைக் கோபுரங்களும் தெரியும். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். ஒரே குறை, கோடையில் நண்பகல். வெயில் 40 டிகிரியைத் தாண்டும், சந்தையிலும் பல கடைகள் மதியம் மூடியிருக்கும்.

காத்திருப்பு மாலையில் விழுந்தால் சிங்கப்பூர். கார்டன்ஸ் பை த பே பூங்காவில் ராட்சதச் செயற்கை மரங்களின் ஒளிக்காட்சி 7:45-க்கும் 8:45-க்கும் நடக்கும். கீழே நின்று பார்க்கக் கட்டணம் இல்லை. திட்டம் போடப் பிடிக்காதவர்களுக்கு அங்குள்ள சாங்கி விமான நிலையமே இலவசச் சுற்றுலா நடத்துகிறது. ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், 24 மணி நேரத்துக்குள் காத்திருப்பவர்களுக்கு, இரண்டரை மணி நேரப் பயணம். பேருந்து பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடும், அது பெரிய நிம்மதி. ஆனால் பிடித்த இடத்தில் நிற்க முடியாது. அதனால் எனக்குத் தனியாகப் போவதே மேல்.

மூன்றில் எனக்கு மிகவும் பிடித்த ஊர் இஸ்தான்புல். இருந்தும் எட்டு மணி நேரத்துக்கு வேண்டாம் என்பேன். பழைய நகரம் விமான நிலையத்திலிருந்து சாலை வழியாக 40 கிலோமீட்டருக்கு மேல். நெரிசலில் மாட்டினால் வயிற்றில் புளியைக் கரைக்கும். 2023-இல் திறந்த எம்11 மெட்ரோ வந்தபிறகு நிலைமை தேவலை. கெய்ரெத்தெப்பே நிலையத்தில் எம்2 வழித்தடத்துக்கு மாறினால் ரயில் கோல்டன் ஹார்ன் நீர்வழியைப் பாலத்தில் கடக்கும். பாலத்தின் மேலேயே ஹாலிச் நிலையம். இறங்கி நின்றால் சுலைமானியே மசூதியின் குவிமாடமும் கீழே படகுகளும் ஒன்றாகக் கண்ணில் படும்.

பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு இஸ்தான்புல் போகலாம். அப்போதும் ஹாகியா சோஃபியா மசூதி, தோப்காபி அரண்மனை, கிராண்ட் பஜார் என்று மூன்றையும் அடுக்காதீர்கள். அரண்மனைக்குச் செவ்வாய் விடுமுறை, பஜாருக்கு ஞாயிறு. ஹாகியா சோஃபியாவில் வரிசை நீளமாக இருந்தால் விட்டுவிட்டு எமினோனு துறைக்கு நடந்து கடிக்கோய் படகில் ஏறுங்கள். இருபது நிமிடத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு வந்துவிடலாம். துருக்கிய விமான நிறுவனமும் தன் பயணிகளுக்கு இலவசச் சுற்றுலா வைத்திருக்கிறது. தூரம் இவ்வளவு இருக்கும் ஊரில், முதல்முறை போகிறவர்கள் அதில் சேர்ந்துகொள்வதே நல்லது.