குக்கிராமத்து வீடா, பூர் வீடா: செப்டிக் டேங்க் மூடியைத் திறந்த பிறகு

பாரிஸ் புறநகரை விட்டு நடு பிரான்ஸின் க்ரோஸ் மாவட்டத்துக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் குக்கிராமம் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். பிறகு வாங்கிய வீடு பூரில், அதாவது தேவாலயமும் மேரி என்கிற ஊராட்சி அலுவலகமும் ரொட்டிக் கடையும் இருக்கும் ஊர் நடுவில். இந்தப் பக்கம் குடியேற நினைப்பவர்கள் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வியே இதுதான்: தனியாகத் தோட்டம் துரவோடு வாங்குவதா, ஊருக்குள் சுவரோடு சுவர் ஒட்டிய வீடாக வாங்குவதா? இரண்டிலும் குடியிருந்தவன் என்ற முறையில் என் பதில் பூர். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். க்ரோஸ் அடங்கிய இந்த லிமூசேன் பகுதியில் 'விலாஜ்' என்றால் நாம் பிரெஞ்சு வகுப்பில் படித்த கிராமம் இல்லை. ஐந்தாறு வீடும் இரண்டு களஞ்சியமும் சேர்ந்த குக்கிராமத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். "விலாஜில் வீடு" என்ற விளம்பரத்தைப் பார்த்து, ரொட்டிக் கடைக்கு நடந்தே போய்விடலாம் என்று நம்பி வந்தவர்கள் உண்டு. நாங்களும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

எங்கள் முன் இருந்தவை இரண்டு வீடுகள். ஒன்று பூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி: கருங்கல் வீடு, களஞ்சியம், கிணறு, சாலைக்கு அந்தப்பக்கம் ஒரு புல்வெளி, விலை 62,000 யூரோ. இன்னொன்று பூரில்: மூன்று மாடிக் குறுகல் வீடு, பின்னால் இருபது எட்டு வைத்தால் முடிந்துவிடும் தோட்டம், 71,000 யூரோ. புகைப்படத்தில் முதல் வீட்டின் பக்கத்தில் இரண்டாவது வீடு நிற்கவே முடியாது.

தெரிந்த விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். அமைதி வேண்டும் என்றால் குக்கிராமம்தான், ஆனால் இலையுதிர் காலத்து ஞாயிறுகளில் வேட்டைக்காரர்களின் துப்பாக்கிச் சத்தம் அங்கேதான் பக்கத்தில் கேட்கும். பூரில் தேவாலய மணி ஒவ்வொரு மணி நேரத்தையும் இரண்டு தடவை அடிக்கிறது. முதல் தடவை எண்ணத் தவறியவர்களுக்காக என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார். கார் இரண்டு இடத்திலும் வேண்டும். டாக்டர் இரண்டு இடத்திலும் இல்லை. குப்பையை பூரில் வாசலில் வைத்தால் போதும். குக்கிராமத்தில் முக்கூட்டுச் சாலையில் இருக்கும் பொதுத் தொட்டிவரை தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

மேரி விஷயம் கொஞ்சம் பெரிது. புதுச்சேரிக்காரர்களுக்கு மேரி என்றதும் கடற்கரைச் சாலையில் 2014-ல் இடிந்து விழுந்து மறுபடி கட்டிய வெள்ளைக் கட்டடம் நினைவுக்கு வரும். இங்கே மேரி என்பது பல ஊர்களில் ஒரே அறை, ஒரு செயலர், வாரத்தில் இரண்டு மூன்று அரை நாள். பிரான்ஸில் ஏறக்குறைய 35,000 கொம்யூன்கள் (நம் ஊராட்சி மாதிரி), அவற்றில் பாதிக்கு மேல் ஐந்நூறு பேர்கூட இல்லாதவை. பூரில் இருந்தால் செயலரின் கார் வெளியே நிற்பதைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடலாம். ஆறு கிலோமீட்டர் ஓட்டிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிய நாட்களுக்கு நாங்கள் கணக்கு வைக்கவில்லை.

இன்னொன்று முகவரி. வாடகை வீட்டுக்கு எண் கிடையாது. குக்கிராமத்தின் பெயரும் அஞ்சல் குறியீடும் மட்டும்தான். வீடு மாறினால் மூன்று மாதத்துக்குள் வதிவிட அனுமதியில் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து நான் நிரப்பிய ஏதோ ஒரு படிவம் வீட்டு எண் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு நகரவே மறுத்தது. 2022-ல் வந்த சட்டம் சின்ன கொம்யூன்களையும் தெருவுக்குப் பெயரும் வீட்டுக்கு எண்ணும் கொடுக்கச் சொல்லிவிட்டது. அதனால் இந்தத் தொல்லை மெதுவாக ஒழிந்துவருகிறது. வீடு வாங்குபவர்கள் இதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பூருக்கு எதிராகவும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தேவாலயம் பாதுகாக்கப்பட்ட சின்னம். அதைச் சுற்றி 500 மீட்டருக்குள் ஜன்னல் கதவுக்கு வர்ணம் மாற்றுவதற்குக்கூட மேரியில் முன்னறிவிப்புப் படிவம் கொடுத்து, அரசின் பாரம்பரியக் கட்டடக் கலைஞர் கருத்துச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். வழக்கமாக ஒரு மாதத்தில் முடிவது இரண்டு மாதம் இழுக்கும். மனைவி கேட்ட நீலம் கிடைக்கவில்லை. சாம்பல் கலந்த பச்சையில் வந்து நின்றோம், இப்போது அதுவும் பழகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருவோம். தீர்மானித்தது கழிவுநீர்.

பூரில் பாதாளச் சாக்கடை உண்டு. எங்கள் வீட்டுத் தண்ணீர் கல்லறைத் தோட்டத்துக்கு அப்பால் நாணல் வளர்த்த வடிகட்டிப் படுகைக்குப் போய்ச் சேர்கிறது. சின்ன ஊர்களில் இப்படிப்பட்ட படுகைகள் சாதாரணம். குக்கிராமங்களுக்குக் குழாய் போவதில்லை, வீட்டுக்கு வீடு தனி செப்டிக் டேங்க். ஊரில் நாமும் செப்டிக் டேங்கோடுதான் வளர்ந்தோம். நிரம்பினால் லாரியைக் கூப்பிடுவோம், மூடியை வைத்துச் சிமெண்ட் பூசுவோம், மறந்துவிடுவோம். இங்கே மறக்க விடமாட்டார்கள். அதற்கென்றே ஒரு பொதுச் சேவை இருக்கிறது, ஸ்பாங்க் என்று பெயர். 1992-ன் தண்ணீர்ச் சட்டத்தில் தொடங்கி, 2012 முடிவதற்குள் நாட்டிலுள்ள எல்லாத் தனி டேங்கையும் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று கெடு வைத்தார்கள். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மிகாத இடைவெளியில் மறுபடி மறுபடி சோதனை.

வாடகை வீட்டில் அந்தச் சோதனையை நேரில் பார்த்தேன். காலை ஒன்பது மணிக்கு ஓர் இளைஞர் ரப்பர் பூட்ஸோடு வந்தார். கொக்கி போட்டுக் கான்கிரீட் மூடியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது, இரண்டாவது ஆள் நான். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நேராகச் சமையலறைக்கு வந்து சின்னப் புட்டியிலிருந்து சாயத்தைச் சிங்கில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டார். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு சாலையோர வாய்க்காலுக்கு நடந்தார். கால் மணி நேரம் முள்புதர் பக்கம் நின்றோம். வாய்க்காலில் பளீரென்ற பச்சை வந்தது, ஹோலிப் பண்டிகைபோல. கழிவறைத் தண்ணீர் மட்டும்தான் டேங்குக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் அரிசி கழுவிய தண்ணீர், ரசப் பாத்திரம் துலக்கிய தண்ணீர், குளித்த தண்ணீர் எல்லாம் இரண்டு வருடமாக நேராக வாய்க்காலுக்கு. வீட்டுக்காரரிடம் சொன்னோம். நாற்பது வருடமாக அப்படித்தான் போகிறது என்றார்.

பழைய டேங்குகள் பலவும் இந்த ரகம்தான், கழிவறைக்கு மட்டும். இப்போதைய விதிப்படி வீட்டின் எல்லாத் தண்ணீரும் ஒரே தொட்டிக்கு வர வேண்டும். ஐந்து முக்கிய அறைகள் வரை உள்ள வீட்டுக்குத் தொட்டி குறைந்தது 3 கன மீட்டர். தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் மண்ணிலோ மணலிலோ வடிய வேண்டும். அந்த வடிநிலத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவில் 35 மீட்டர். வீட்டிலிருந்து ஐந்து மீட்டரும் எல்லையிலிருந்தும் மரத்திலிருந்தும் மூன்று மீட்டரும் தள்ளி இருப்பது வழக்கம். அதன்மேல் கார் நிறுத்தக் கூடாது, மரம் நடக் கூடாது. பரந்த நிலம் என்று ஆசைப்பட்டு வாங்கினால், அதில் ஒரு பகுதியை ஒன்றுக்கும் உதவாத புல்தரையாக விட்டுவைக்க வேண்டியிருக்கும்.

செலவுக் கணக்கைப் பார்த்தால் என் பேச்சு முதலில் தப்பாகத்தான் தெரியும். பூரில் தண்ணீர்க் கட்டணத்தில் கழிவுநீருக்கென்று தனி வரி உண்டு, அதில் ஒரு பகுதி நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் விழும் சந்தா. எங்களுக்குச் சென்ற ஆண்டு கழிவுநீருக்கு மட்டும் 240 யூரோ சொச்சம். டேங்க் வீட்டில் சேறு தொட்டியின் பாதியைத் தொட்டதும் லாரியைக் கூப்பிட்டால் போதும். ஏறக்குறைய நாலு வருடத்துக்கு ஒரு முறை, சுமார் 300 யூரோ. அந்தச் செலவு வாடகைக்காரர் தலையில் விழும், பழுது வந்தால்தான் சொந்தக்காரர் பொறுப்பு. மாவட்ட நிர்வாகத்தின் அங்கீகாரம் உள்ள ஆளைத்தான் கூப்பிட வேண்டும். அவர் தரும் ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும், அடுத்த சோதனையில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஆக வருடக் கணக்கில் டேங்க் மலிவு.

நம் சமையல்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நல்லெண்ணெயும் தேங்காய்ப்பாலும் கொட்டும் சிங்க் டேங்குக்கு ஆகாது. சமையலறைக் குழாய் தொட்டியிலிருந்து தொலைவில் இருந்தால் நடுவில் கொழுப்பு தடுக்கும் பெட்டி ஒன்றை வைக்கச் சொல்வார்கள், அதை நாம்தான் கரண்டி போட்டு வழித்தெடுக்க வேண்டும். கழிவறையில் பிளீச்சிங் தண்ணீரைத் தாராளமாக ஊற்றும் பழக்கம் இருந்தால் தொட்டியில் வேலை செய்யும் பாக்டீரியா செத்துப்போகும். மனைவி அந்த இரண்டு வருடமும் வடை சுட்ட எண்ணெயைப் பாட்டிலில் அடைத்து, குப்பை நிலையத்துக்கு என்னிடம் கொடுத்தனுப்பினார்.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை, சமாளிக்கலாம். என்னை நிறுத்தியது விற்பனை.

டேங்க் உள்ள வீட்டை விற்க வேண்டும் என்றால் ஸ்பாங்க் அறிக்கை வேண்டும். 2011 ஜனவரியிலிருந்து கட்டாயம். விற்கும்போது அறிக்கைக்கு மூன்று வயது ஆகியிருக்கக் கூடாது, ஆகியிருந்தால் விற்பவர் செலவில் புதிது எடுக்க வேண்டும். விதிக்கு ஒத்துவரவில்லை என்று எழுதியிருந்தாலும் விற்கத் தடை இல்லை. ஆனால் பத்திரம் முடிந்த ஓராண்டுக்குள் வாங்கியவர் சரிசெய்தாக வேண்டும். சொந்தக்காரர் விற்காமல் உட்கார்ந்திருந்தால், சுகாதாரக் கேடு இருந்தால்கூட நாலு வருட அவகாசம் உண்டு. கை மாறிய அன்றே அது ஓராண்டாகச் சுருங்கிவிடுகிறது. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். பழைய டேங்க் வைத்திருப்பவர் கையை வைக்காமல் காலத்தைத் தள்ளுகிறார், அறுபது வருடப் பாரத்தை வாங்குபவர் பன்னிரண்டு மாதத்தில் இறக்கி வைக்க வேண்டும். புதிய அமைப்புக்கு 8,000 முதல் 15,000 யூரோ வரை ஆகும். 62,000 யூரோ வீட்டுக்கு அது சில்லறை இல்லை.

நாங்கள் பார்த்த அந்த 62,000 யூரோ வீட்டின் அறிக்கை பதினான்கு பக்கம். ஏழாம் பக்கத்தில் கிணறும் தொட்டியும் வரைந்திருந்தார்கள், நடுவில் 11 மீட்டர். வீட்டை ஒட்டி வேறு நிலமும் இல்லை. புல்வெளி சாலைக்கு அந்தப்பக்கம், சாலையோ கொம்யூனுக்குச் சொந்தம். குழாயை அதன் அடியில் கொண்டுபோக அனுமதி வாங்க வேண்டும். மனைவி அறிக்கையை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏங்க, இப்ப நாம யோசிக்கிற மாதிரிதானே நாளைக்கு நம்மகிட்ட வாங்க வர்றவங்களும் யோசிப்பாங்க?" நமக்கு வயதான பிறகு அந்த மூடியைத் தூக்க ஆள் கிடைப்பார்களா என்றும் சேர்த்துக் கேட்டார். விலையைக் குறைத்துப் பேசலாம் என்று நான் இழுத்துப் பார்த்தேன். விற்பவர் 4,000 இறங்கினார், அதோடு சரி.

பூர் வீட்டில் கழிவுநீர் விஷயம் நொத்தேர், அதாவது பத்திரம் முடிக்கும் அதிகாரி, வாசித்த பத்திரத்தில் இரண்டு வரி. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. தெருவில் குழாய் ஓடுவது ஒன்று, வீடு அதில் சேர்ந்திருப்பது வேறு. புதிதாகச் சாக்கடை போட்டால் இரண்டு வருடத்துக்குள் இணைக்க வேண்டும் என்பது விதி, இணைக்காமல் விட்ட வீடுகள் உண்டு. கூரைத் தண்ணீரைச் சாக்கடையில் விட்டிருக்கும் வீடுகளும் உண்டு. இணைப்புச் சோதனைச் சான்று கேளுங்கள். மேரியில் கழிவுநீர் மண்டல வரைபடம் இருக்கும், அதையும் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த வீடு குழாய்ப் பகுதி, எந்த வீடு காலத்துக்கும் டேங்க் என்று அதில் நிறம் போட்டிருப்பார்கள். இதெல்லாம் முதல் ஒப்பந்தத்துக்கு முன்பே முடிந்துவிட்டால் நல்லது. கையெழுத்துப் போட்டபின் மனம் மாறப் பத்து நாள்தான், அந்தப் பத்து நாளில் மேரி திறந்திருப்பது மூன்று நாளாக இருக்கலாம்.

நான் சொல்வது மூன்று குளிர்காலத்து பூர் அனுபவம், அதுவும் கருங்கல் மண்ணில். டேங்கை ஏற்கெனவே புதிதாக்கி, அறிக்கையும் சுத்தமாக இருக்கும் குக்கிராமத்து வீடு அகப்பட்டால் என் வாதத்தில் பாதி போய்விடும். அப்படி ஒன்று அன்று கண்ணில் பட்டிருந்தால் இப்போது எனக்குத் தக்காளிப் பாத்தி இருந்திருக்கும்.

நாங்கள் வாங்காமல் விட்ட குக்கிராமத்து வீட்டை ஒரு டச்சுத் தம்பதி வாங்கினார்கள். நல்ல மனிதர்கள், சந்தையில் பார்த்தால் நின்று பேசுவார்கள். மண் ஆய்வு, ஸ்பாங்க் ஒப்புதல், சின்ன ஜேசிபி, குழியை மூடுவதற்கு முன் இன்னொரு சோதனை என்று பதினோரு மாதம் ஓடியது. இடம் போதாததால் வடிநிலத்துக்குப் பதிலாக அடக்கமான வடிகட்டிப் பெட்டி ஒன்றைப் புதைத்தார்கள். வருடத்துக்கு ஒரு முறை ஆள் வந்து பராமரிக்க வேண்டிய சாதனம் அது. போன வசந்தத்தில் அந்த ஆள் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். பச்சை மூடியைக் கழற்றி உள்ளே வாரியை விட்டுக் கிளறினார். எட்டிப் பார்த்தால் நார் நாராகத் தேங்காய் மட்டைத் துண்டுகள். என்ன மரம் தெரியுமா என்று அவர் என்னிடமே கேட்டார். தெரியும் என்றேன்.