படபடப்புக்கு மாற்றுச் சிகிச்சைகள்: சில வருட அனுபவத்தில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை

நெஞ்சு படபடவென்று அடிக்கும். ஈசிஜி எடுத்தால் நார்மல். "ஒண்ணுமில்ல, நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிடுவார்கள். வீட்டிலோ "கண்ணு பட்டிருக்கு, வேப்பிலை அடிச்சா சரியாப் போயிடும்" என்பார் சித்தி. என்னைப் போலப் பலரும் இப்படிச் சுற்றித்தான் மனநல மருத்துவரிடம் வந்து சேர்கிறோம். எனக்குப் பதற்ற நோய்க்கான எஸ்சிடலோபிராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதைத் தொடர்ந்துகொண்டே, மருத்துவரிடமும் சொல்லிவிட்டு, சில வருடங்களாக மாற்றுச் சிகிச்சைகளையும் பார்த்து வருகிறேன்.

எல்லாரும் முதலில் கேட்பது சிரோதாரா என்ற ஆயுர்வேதச் சிகிச்சையைப் பற்றித்தான். மரக்கட்டிலில் படுக்க வைத்து, கண்களைப் பஞ்சால் மூடிவிடுவார்கள். தலைக்கு மேலே தொங்கும் பாத்திரத்திலிருந்து வெதுவெதுப்பான எண்ணெய் ஒரே சீராக நெற்றியில் விழும். பாத்திரத்தை இடமும் வலமுமாக மெல்ல அசைத்துக்கொண்டே இருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் தலைக்குள் ஓடும் கணக்குவழக்கெல்லாம் ஓய்ந்துவிடும். அன்று ராத்திரி அடித்துப் போட்டாற்போல் தூக்கம் வரும். ஆனால் ஓரிரு நாளில் பழைய படபடப்பு திரும்பி வந்துவிடும். செலவோ ஆயிரங்களில். நல்ல ஓய்வு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் என் பதற்றத்துக்குச் சிகிச்சை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது அமுக்கரா சூரணம். அஸ்வகந்தா என்று கேப்ஸ்யூலில் விற்கிறார்களே, அதே கிழங்குதான். சித்த மருத்துவச் சூரணத்தில் கிராம்பு 1 பங்கு என்றால் சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று ஒவ்வொன்றும் இரட்டிப்பாகிக்கொண்டே போகும். கூட்டிப் பாருங்கள், பாதி சர்க்கரை! சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரவு பாலில் கலந்து குடித்ததில் எனக்குத் தூக்கம் கொஞ்சம் தேறியது, பகல் படபடப்பு அப்படியேதான் இருந்தது. மூலிகைதானே என்று இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடும், அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது, கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். 2023-ல் டென்மார்க் இதைத் தடையே செய்தது. நான் தைராய்டு பரிசோதனை செய்து பார்த்த பிறகுதான் ஆரம்பித்தேன், சில மாதங்களில் நிறுத்தியும் விட்டேன்.

ஒரு தொடு சிகிச்சை நிலையத்துக்கும் போனேன். மணிக்கட்டில் ஒற்றை விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "முதல்ல அந்த இங்கிலீஷ் மாத்திரையைத் தூக்கிப் போடுங்க" என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். எஸ்சிடலோபிராமைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு, முன்பைவிட அதிகமான பதற்றம் எல்லாம் வரக்கூடும். அதைக் குறைப்பதென்றால் மருத்துவர் பார்வையில், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் எந்த இடத்திலும், அது எவ்வளவு பேர் பெற்ற இடமாக இருந்தாலும், உட்காராதீர்கள்.

சரி, எது நிலைத்தது? மூச்சுப் பயிற்சிதான். சென்னை மின்சார ரயில் கோடம்பாக்கத்துக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் நடுவே சும்மா நின்றுவிடும். கதவு வரை கூட்டம். உள்ளங்கை வியர்க்கும், விரல் நுனி மரத்துப் போகும். பதற்றத்தில் நாம் வேகவேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, மரத்துப் போவதும் கிறுகிறுப்பதும் அதனால்தான். இதைப் புரிந்துகொண்டதே எனக்குப் பாதி மருந்து. கம்பியைப் பிடித்தபடி மூக்கால் நாலு எண்ணி இழுப்பேன், ஆறு எண்ணி விடுவேன். விடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு மெல்ல இறங்கும். ரயில் நகர்வதற்குள் விரலில் உணர்வு திரும்பிவிடும். அந்த நெரிசலில் எண்ணெய்ப் பாத்திரத்துக்கும் பால் டம்ளருக்கும் எங்கே போவது? ஒருவர் நமக்குச் செய்துவிடும் சிகிச்சை அங்கேயே நின்றுவிடுகிறது, நாமே கற்றுக்கொண்டதுதான் கூட வருகிறது.

இதை அரும்பாக்கத்தில் உள்ள அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான் முறையாகக் கற்றேன். மூக்கின் இரு துவாரங்களிலும் மாறி மாறி மூச்சு விடும் நாடி சுத்தியும், வண்டு ரீங்காரம் போல ஒலி எழுப்பும் பிராமரியும் சொல்லிக் கொடுத்தார்கள். பிராமரியில் விடும் மூச்சு தானாகவே நீண்டுவிடுவதால் எண்ணிக்கை மறந்தாலும் பரவாயில்லை. 16 எண்ணி இழுத்து, 64 எண்ணி மூச்சை அடக்கிப் பிடித்து, 32 எண்ணி விடும் பழைய கணக்கு ஒன்று உண்டு. பேனிக், அதாவது திடீரென உச்சத்துக்குப் போகும் பதற்றம், வருபவர்கள் அந்த கும்பகத்தைத் (மூச்சடக்கலை) தாங்களாக முயல வேண்டாம், மூச்சு முட்டும் உணர்வே பயத்தைக் கிளப்பிவிடும். கூடவே எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் உருவாக்கிய தசைத் தளர்வுப் பயிற்சியையும் படுக்கையில் செய்கிறேன். கைமுட்டியை இறுக்கி, சில நொடி வைத்து, விட வேண்டும். அப்புறம் தோள், தாடை, கால் என்று ஒவ்வொன்றாகப் போக வேண்டும். தாடையை விடும்போதுதான் அது நாள் முழுக்க இறுகிக் கிடந்தது தெரியும்.

தியானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பதற்ற நோயாளிகள் 276 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2022-ல் வெளியானது. 8 வார மனமுழுமை (மைண்ட்ஃபுல்னஸ்) தியானப் பயிற்சி, எஸ்சிடலோபிராமுக்குச் சளைக்காத பலன் தந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அவர்கள் வாரா வாரம் இரண்டரை மணி நேர வகுப்புக்குப் போய், வீட்டிலும் தினமும் 45 நிமிடம் செய்தவர்கள். போனில் பத்து நிமிடம் ஓடும் ஆப்புக்கு அதே பலனை எதிர்பார்ப்பது நியாயமில்லை. பத்து நாள் மௌனத் தியான முகாமுக்குப் போகலாமா என்று என் மருத்துவரைக் கேட்டேன், பேனிக் அடங்கும்வரை வேண்டாம் என்றார்.

இப்போது மாத்திரை அளவை மருத்துவர் குறைத்திருக்கிறார். படபடப்பு வராமல் இல்லை, வந்தாலும் வேலை நடக்கிறது. செலவில்லாமல் ஆரம்பிக்க நினைப்பவர்கள் மூச்சுப் பயிற்சியிலிருந்து ஆரம்பியுங்கள், ஆனால் நிம்மதியாக இருக்கும் நேரத்தில் பழகிக்கொள்ளுங்கள், பதற்றத்தின் நடுவில் புதிதாகக் கற்க வராது. இன்னும் மருத்துவரையே பார்க்காதவர்கள் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மனஸ் எண் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.