டிராப் அருமை, அந்தக் குமிழ்தான் பாடாய்ப் படுத்துகிறது

ஈப்போவில் சொந்தமாகக் கிளினிக் திறக்கப்போகும் தம்பி ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டார்: "அண்ணே, நீங்க வச்சிருக்கிற அதே டேபிளுக்கு விலையைக் குறைச்சிட்டாங்களாம். எடுக்கலாமா?" ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அவருக்காக எழுத ஆரம்பித்தது நீண்டுபோனதால், கைரோபிராக்டிக் (கையால் முதுகெலும்பையும் மூட்டுகளையும் அசைத்துச் சரிசெய்யும் சிகிச்சை) டேபிள் வாங்கும் யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே போடுகிறேன். தயாரித்தவர் பெயரும் விற்றவர் பெயரும் வேண்டாம். டிராப், அதாவது அழுத்தினால் சட்டென்று கீழே விழும் மெத்தைப் பகுதி, அதைக் கையால் திருகி இறுக்கும் குமிழோடு உள்ள எந்த டேபிளிலும் இதே தொல்லை வரலாம் என்பதால் பெயரைவிட விஷயம் முக்கியம்.

மின்சாரத்தில் ஏறி இறங்கும் வகை. கழுத்து, மார்பு, இடுப்பு என மூன்று இடத்தில் டிராப். மற்ற விவரமெல்லாம் கேட்டலாக்கில் இருக்கிறது. கிள்ளானில் என் கிளினிக்கில் சில ஆண்டுகளாகத் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. துறைமுகத்து லாரி ஓட்டுநர்கள், செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர்கள், நாள் முழுக்கக் கடையில் நின்றே வேலை பார்க்கும் பெண்கள் என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் உடலை வைத்துப் பிழைப்பவர்கள். அவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் அன்றைய சம்பளம் போய்விடும். அதனால்தான் இந்த டேபிளைப் பற்றி எனக்கு இத்தனை கோபமும் இத்தனை பிரியமும்.

முதலில் பிரியம். அமெரிக்காவின் டேவன்போர்ட்டில் 1895-ல் இந்தத் தொழில் தொடங்கிய பிறகு நெடுங்காலம் எல்லாமே கையின் வேகத்தில்தான் நடந்தது. 1950-களில் கிளே தாம்சன் என்ற கைரோபிராக்டர் தலை வைக்கும் பலகையில் டிராப்பைக் கொண்டுவந்தார். பிற்பாடு அது முதுகுக்கும் இடுப்புக்கும் வந்தது. விஷயம் எளிது. லீவரைத் தூக்கினால் மெத்தையின் அந்தப் பகுதி மட்டும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலே ஏறி நிற்கும். கையை மூட்டின்மேல் வைத்துச் சட்டென்று ஓர் அழுத்தம் கொடுத்தால் பிடி விட்டு மெத்தை கீழே விழுந்து டக்கென்று நின்றுவிடும். கால் நொடி கூட ஆகாது. மெத்தை நிற்கும் அந்தக் கணத்தில் உடலின் வேகமே மூட்டை அசைக்க உதவுவதால் நம் கை கொடுக்க வேண்டிய பலம் குறைகிறது. ஆளைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு முறுக்கவும் வேண்டியதில்லை. முறுக்கினால் பயப்படும் வயதானவர்களுக்கும், கனத்த உடம்புக்காரர்களுக்கும் இது பெரிய வசதி.

எனக்கு எதிர்பாராமல் கிடைத்தது வேறு. இந்த டேபிள் வருவதற்கு முன் மாலை ஆனால் வலது மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கும். இரவில் தண்ணீர்ப் பாட்டில் மூடியைத் திறக்கக்கூட இடது கையைத்தான் தேடுவேன். இந்த டேபிளின் இடுப்பு டிராப்புக்குப் பழகியதும் அந்த வலி படிப்படியாகக் குறைந்து இப்போது இல்லை. நம் தொழிலில் மணிக்கட்டும் தோளும் இடுப்பும் போய் ஒதுங்கியவர்களை நான் அறிவேன். அந்த வகையில் இந்த டேபிளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

சரி, இப்போது குமிழ்.

ஒவ்வொரு டிராப்புக்கும் மெத்தைக்கு அடியில் ஒரு கருப்புக் குமிழ். ஆளின் எடைக்கு ஏற்ப அதை இறுக்கவோ தளர்த்தவோ வேண்டும். செய்யும் முறை இதுதான். ஆளைக் குப்புறப் படுக்க வைத்து, மெத்தையை ஏற்றி, அவர் எடைக்கே மெத்தை விழும் வரை குமிழைத் தளர்த்த வேண்டும். விழுந்ததும் மறுபடி ஏற்றிவிட்டு, சும்மா படுத்திருந்தால் நிற்கும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் இறுக்க வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் டிராப் இருந்தும் பயனில்லை. நம் கைதான் முட்டி மோதும். ஐம்பது கிலோ அம்மாவுக்குப் பிறகு நூறு கிலோ ஓட்டுநர் வந்தால் நிறையச் சுற்ற வேண்டும். இதெல்லாம் தெரிந்ததுதான். இதில் எனக்குக் குறையில்லை.

குறை என்னவென்றால், இந்தக் குமிழ் வைத்த இடத்தில் நிற்காது. டிராப் விழும் ஒவ்வொரு அதிர்விலும் இம்மியளவு தானாகத் தளரும். காலையில் பார்த்தால் தெரியாது. மதியத்துக்கு மேல், ஒரே ஆளுக்கு நாலைந்து தடவை போட்ட பிறகு, திடீரென்று தெரியும். குமிழில் எண்ணும் இல்லை, கோடும் இல்லை. எவ்வளவு தளர்ந்தது என்று பார்த்துச் சொல்ல வழியே கிடையாது. இந்த விலைக்கு விற்கும் பொருளில் நாலு கோடு கீறி நாலு எண் போட என்ன செலவாகும்? பேனா மார்க்கரால் நானே கோடு போட்டேன். வியர்வைக் கையில் அதுவும் அழிந்துகொண்டே இருந்தது. குமிழ் இருப்பதும் இடது பக்கம் மட்டும். வலது பக்கம் நின்று வேலை செய்யும்போது சுற்றிவந்து குனிய வேண்டும். மணிக்கட்டைக் காப்பாற்றிய டேபிள் இப்படி முதுகைக் கேட்கிறது.

இதன் விலையைக் கொடுப்பவர் படுத்திருக்கும் நோயாளி. ஒரு பாட்டி. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்தவர், ஒல்லியான உடம்பு. முதல் தடவை வந்திருந்தார். குப்புறப் படுத்து, முகத்தை முகப்பலகைப் பிளவில் வைத்து, மெல்லத் தளர்ந்து மூச்சை விட்டார். நான் இன்னும் கையே வைக்கவில்லை. இடுப்பு மெத்தை டக்கென்று விழுந்துவிட்டது. இரண்டு கையாலும் பக்கச் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "ஐயோ, என்ன ஒடஞ்சிச்சு?" என்று கேட்டார். ஒன்றும் உடையவில்லை, மேசைதான் பாட்டி, என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிப் புரியவைத்தேன். ஆனால் அதன்பிறகு அவர் உடம்பு கடைசிவரை தளரவே இல்லை. தசை இறுகியிருக்கும் ஆளுக்கு எந்த அட்ஜஸ்ட்மென்டும், அதாவது மூட்டை அசைக்கும் அழுத்தமும், சரியாக விழாது. அந்த ஒரு குமிழ் அன்றைக்கு அவருடைய நேரத்தையும் காசையும் தின்றது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

விற்றவரிடம் சொன்னால் "எல்லா டேபிளும் அப்படித்தான், அடிக்கடி செக் பண்ணுங்க" என்றார். உத்தரவாதக் காலத்தில் ஒருவரை அனுப்பினார். வந்தவர் குமிழை இறுக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். உத்தரவாதம் முடிந்த பிறகு கேட்டால், குமிழை மட்டும் தர முடியாது, டிராப் பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டும், வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார். விலையைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். மற்ற எதிலும் இந்த டேபிள் என்னைக் கைவிடவில்லை. ஏற்றி இறக்கும் மோட்டார் இன்று வரை ஒரு முனகல் இல்லை. சட்டம் ஆடவில்லை. தலைப் பலகை வைத்த கோணத்தில் அசையாமல் நிற்கிறது.

புதிதாகப் பொருத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியதில் முதலாவது மின்சாரம். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் மலேசியாவில் 230–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பழைய டேபிளை மலிவாக இறக்குமதி செய்து டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டலாம் என்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60-க்குச் செய்த ஏசி மோட்டார் 50-ல் மெதுவாக ஓடி, சூடேறும். புதியவற்றில் பல குறைந்த வோல்ட் டிசி மோட்டாரில் ஓடுவதால் அந்தக் கவலை இல்லை. எதுவானாலும் மோட்டார் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, படித்துப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

இரண்டாவது தரை. இதைப் பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. என் கிளினிக் பழைய கடைவீட்டின் கீழ்த்தளம். தரை ஒரு மூலையில் தாழ்ந்திருக்கும். ரசமட்டம் வைத்துப் பார்த்து நாலு காலையும் திருகிச் சமன் செய்யாவிட்டால் டிராப் விழும்போது ஒரே சத்தமாகக் கேட்காது. 'டக்-டடக்' என்று இரட்டைச் சத்தம் வரும். மெத்தை ஒரு தடவை, தூக்கியிருக்கும் கால் ஒரு தடவை. அந்த இரண்டாவது அதிர்வு வீண் மட்டுமல்ல, குமிழையும் சீக்கிரம் தளர்த்துகிறது. ரசமட்டத்தைத் தலைப்பக்கம், இடுப்புப் பக்கம், குறுக்கே என மூன்று இடத்திலும் வையுங்கள். ஆள் படுத்த பிறகு இன்னொரு முறை பாருங்கள். வழவழப்பான டைல்ஸ் என்றால் காலுக்கு அடியில் கெட்டி ரப்பர் தகடு போடுங்கள். மாடியில் கடை எடுப்பவர்கள் படிக்கட்டின் திருப்பத்தை அளந்துகொள்ளுங்கள். நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் பொருளைத் திருப்பத்தில் சாய்க்கும்போதுதான் லீவர் வளையும்.

இறக்கும் மிதியை அழுத்துமுன் குனிந்து அடியில் பார்ப்பது என் கிளினிக்கில் சட்டம். தாயோடு வரும் குழந்தைக்கு டேபிளின் அடிப்பக்கம் ஒளிந்து விளையாடும் இடம். இதில் சமரசமே கூடாது.

மெத்தை உறை பற்றி ஒரு சொல். கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டு வராத நோயாளி நம்மிடம் குறைவு. அதோடு ஆல்கஹால் போட்டு நாள் முழுக்கத் துடைத்தால் வினைல் காய்ந்து வெடிக்கும். முகப்பலகையில்தான் முதலில் தெரியும். மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரில் துடையுங்கள். முகத்துக்குத் தாளை ஆளுக்கு ஒன்று மாற்றுங்கள். கிருமிநாசினி வேண்டுமென்றால் வினைலுக்கு ஒத்துவருவதாகத் தயாரித்தவர் சொல்வதை மட்டும்.

டிராப் மென்மையாக இருப்பதாலேயே யாரை வேண்டுமானாலும் படுக்க வைக்கலாம் என்று நினைத்துவிடக்கூடாது. எலும்பு மிகவும் தேய்ந்தவர், எலும்பு முறிவு சந்தேகம் உள்ளவர், புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர் ஆகியோருக்கு இது கிடையாது. கால் மரத்து, சிறுநீர் கட்டுப்படவில்லை என்று ஒருவர் சொன்னால் டேபிளைத் தொடவே விடாமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இடுப்புவலிக்கு மருந்தில்லாத வழிகளில் ஒன்றாக முதுகெலும்பை அசைக்கும் சிகிச்சையை அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017 வழிகாட்டி குறிப்பிடுகிறது. உடற்பயிற்சியும் அதே வரிசையில்தான் இருக்கிறது. டேபிளை மட்டும் காட்டி விளம்பரம் செய்வது எனக்குப் பிடிக்காத காரியம்.

கடைசியில் குமிழுக்கு வழி சொன்னவர் என்னிடம் கழுத்து வலிக்காக வந்த மோட்டார் சைக்கிள் மெக்கானிக் அங்கிள். சிகிச்சை முடிந்து எழுந்தவர் நான் குமிழோடு போராடுவதைப் பார்த்து, குனிந்து ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஸ்பிரிங் இல்லையே" என்றார். காப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரில், வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகத்தை வைக்கும் ஐடிலிங் திருகுக்கு அடியில் ஒரு குட்டி ஸ்பிரிங் இருக்கும். என்ஜின் எவ்வளவு அதிர்ந்தாலும் அது திருகை எப்போதும் பின்னால் தள்ளிக்கொண்டே இருப்பதால் மரை நழுவாது. அதே மாதிரி கொஞ்சம் பெரிய ஸ்பிரிங் ஒன்றைக் குமிழுக்கும் சட்டத்துக்கும் நடுவில், இரு பக்கமும் வாஷர் வைத்துப் போட்டுத் தந்தார். உராயும் பகுதியில் ஒரு துளி எண்ணெய்கூடப் படக்கூடாது என்று அவரே துணியால் துடைத்தார். நோயாளியைப் படுக்க வைக்கும் முன் பத்துக் கிலோ அரிசி மூட்டைகளை அடுக்கி, ஒரு மாலை முழுக்க டிராப்பைப் போட்டுக்கொண்டே இருந்தோம். குமிழில் போட்ட கோடு அசையவில்லை. அதன்பிறகும் இதுவரை அசையவில்லை. உத்தரவாதம் உள்ள டேபிளில் இதைச் செய்யாதீர்கள். அதைச் சாக்காக வைத்து மற்ற எதற்கும் கை விரித்துவிடுவார்கள்.

ஒரு மெக்கானிக் அரை நிமிடத்தில் கண்டதை, டேபிள் செய்தவர்கள் யோசிக்கவில்லை. விற்றவர் கேட்கவும் தயாராக இல்லை. ஆத்திரம் வருமா வராதா?

தம்பிக்கு நான் அனுப்பிய பதில்: எடுக்காதீங்க. என் டேபிளை யாராவது விலைக்குக் கேட்டால் கொடுக்க மாட்டேன், அது உண்மை. ஆனாலும் எடுக்காதீங்க. விலையை ஏன் குறைத்தார்கள் என்று கேளுங்கள். மாடலை நிறுத்தப்போகிறார்கள் என்றால் நாளைக்கு ஒரு பிடி, ஒரு லீவர் உடைந்தாலும் இதே கதைதான். அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, குமிழில் எண் போட்ட, இரண்டு பக்கமும் எட்டக்கூடிய டேபிளைப் பாருங்கள். எதைப் பார்க்கப் போனாலும் ஒல்லியான நண்பர் ஒருவரையும் கனத்த நண்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். குமிழில் மார்க்கரால் ஒரு கோடு, சட்டத்தில் அதற்கு நேராக ஒரு கோடு. ஷோரூமில் இருப்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, ஐம்பது தடவை டிராப்பைப் போட்டுப் பாருங்கள். இரண்டு கோடும் நேராக இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.