நீட்டி மடக்கும் லென்ஸுடன் ஆறு வருடம்

பூ, பூச்சிகளை நெருங்கிப் படமெடுக்கும் என் மேக்ரோ லென்ஸ் போன வாரம் பழுது பார்த்துத் திரும்பி வந்தது. 8,700 ரூபாய். அன்று மாலையே மதுரையிலிருந்து சித்தி மகன் பேசினான். "அண்ணா, நீங்கள் வைத்திருக்கிற அந்த 90 மி.மீ. மேக்ரோ விலை நன்றாக இறங்கியிருக்கிறது, வாங்கட்டுமா?" ரசீது அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது. அவனுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. கொஞ்சம் ஆறிய பிறகு எழுதுகிறேன். முழுதாக ஆறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கூர்மை, நிறம், பின்புலம் கரையும் அழகு எல்லாவற்றையும் வாங்கிய முதல் மாதத்திலேயே எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். அவர்கள் சொல்வதெல்லாம் உண்மைதான். நான் பேசப்போவது இதன் முன்குழலைப் பற்றி.

பொருளை நெருங்கி ஃபோகஸ் செய்யச் செய்ய இந்தக் குழல் வெளியே நீளும். 1:1 அளவுக்கு, அதாவது பொருள் கேமராவின் சென்சாரில் தன் நிஜ அளவிலேயே விழும் நெருக்கத்துக்கு, வரும்போது லென்ஸ் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிடும். அப்போது கண்ணாடிக்கும் பூவுக்கும் நடுவே மிஞ்சுவது, நான் ஸ்கேல் வைத்து அளந்தபடி, பத்து சென்டிமீட்டர். அசையாமல் நிற்கும் ஆளைத் தேனீ பொருட்படுத்துவதில்லை. தன்னை நோக்கி வளர்ந்துகொண்டே வரும் ஒரு கறுப்புக் குழாயை எந்தத் தேனீ பொறுத்துக்கொள்ளும்? அதிலும் ஆட்டோஃபோகஸ் ஒருமுறை தவறிவிட்டால், குழல் முழுதாக உள்ளே போய், தூரத்தைத் தேடிப் பார்த்து, மறுபடி முழுதாக வெளியே வரும். கிணற்று ஆமை தலையை இழுத்து நீட்டுவதைப் போல. கூடவே ஒரு கரகரப்பு. தலை வெளியே வந்து சேரும்போது தேனீ அவரைப் பந்தலைத் தாண்டியிருக்கும்.

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைப் பக்கம். பூவுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு படம் எடுக்கப் பூவா இல்லை என்று கேட்பவர்களுக்கு ஒன்று: சந்தைக்குப் போகும் பிச்சியும் முல்லையும் மொட்டாகவே பறிபட்டுவிடும். செடியில் விரிந்து, இரவில் அந்துப்பூச்சி வந்து தேன் குடிக்கும் பாக்கியம் அவற்றுக்குப் பெரும்பாலும் இல்லை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றைச் சொல்லவே வேண்டாம். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டிருக்கிறார்கள்? அந்த இரண்டு மாதமும் லென்ஸ் அலமாரியில்தான். ஆகவே என் படங்களெல்லாம் வீட்டுப் பின்புறத்துக் கத்தரி, துளசி, வேலியோரத் தும்பை, எருக்கு ஆகியவற்றோடு முடிந்துவிடும். புகார் இல்லை. ஆறு வருடம் எடுத்தும் கத்தரிப்பூ ஒன்றே எனக்கு முடிந்தபாடில்லை.

கத்தரிப்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதையும் பூ எளிதில் தராது. நடுவில் கூம்புபோல் நிற்கும் மஞ்சள் மகரந்தப் பைகள் மற்றப் பூக்களில் போல நீளவாக்கில் வெடிப்பதில்லை. நுனியில் ஊசித்துளை அளவுக்குத் திறப்பு, அவ்வளவுதான். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அதைத் திறந்து எடுக்கும் வித்தை தெரியாது. நீலப்பட்டைத் தேனீக்குத் தெரியும். வயிற்றில் பளபளக்கும் நீல வரிகளோடு வந்து, பூவில் தலைகீழாகத் தொங்கி, கூம்பைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். இறக்கை அசையாது. பறப்பதற்கான தசைகளை மட்டும் அதிரவிடும். பறக்கும்போது எழும் ரீங்காரத்தைவிட உச்சமான ஒரு சத்தம், சின்னத் துளைபோடும் இயந்திரம்போல, விட்டுவிட்டுக் கேட்கும். உப்புக் குப்பியைக் குலுக்கினாற்போல் மகரந்தம் அதன் வயிற்றில் கொட்டும். கருவண்டு என்று நாம் சொல்கிற தச்சுத் தேனீயும் இதே வேலையைச் செய்யும், ஆனால் அதன் கனத்தில் பூ ஆடிப்போய்ப் படம் கிடைக்காது.

அந்த மகரந்தத் தூள் விழும் கணம் ஒன்றுதான் எனக்கு வேண்டும். கத்தரிப்பூ நிலத்தைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும்; எனவே பாத்திக்கு நடுவே மல்லாந்து படுத்துத்தான் எடுக்க வேண்டும். கண்ணில் மண், முதுகில் கத்தரி முள், நெற்றிக்கு மேலே ஆமை. நான்கு வருடம் இந்த லென்ஸின் ஆட்டோஃபோகஸை நம்பி அப்படிப் படுத்துக் கிடந்தேன். கிடைத்தவை: காலிப் பூக்கள், அரைத் தேனீக்கள், ஒரு பின்னங்கால்.

ஐந்தாம் வருட ஐப்பசி மழையில் ஆட்டோஃபோகஸ் மோட்டார் செத்தது. குழல் பாதி நீண்டபடி நின்று முனகியது. உள்ளே விளக்கடித்துப் பார்த்தால் ஒரு கண்ணாடியின் ஓரத்தில் சிலந்திவலைபோல் பூஞ்சை. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, பூஞ்சை எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் என் சந்தேகம் அந்தக் குழல்மேல்தான். நீண்டு சுருங்கும்போதெல்லாம் சைக்கிள் பம்புபோல் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிற பொருள், ஈரத்தையும் சேர்த்துத்தானே இழுக்கும்? சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் பூட்டி வைக்க அதன் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

உடனே பழுது பார்க்கக் கையில் பணமில்லை. ஏழு மாதம் மோட்டார் இல்லாமலே எடுத்தேன். வளையத்தைக் கையால் 1:1இல் திருப்பி வைத்துவிட்டு அதைத் தொடவே மாட்டேன். குழல் நீண்டபடி நிற்கும், ஒரு சத்தம் இல்லை. உடம்பைத்தான் முன்னும் பின்னும் சாய்க்க வேண்டும். என் கேமராவின் சென்சாருக்கு 1:1இல், ஒளி நுழையும் துளையைச் சுருக்கி எஃப் 11 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை; தேனீயின் கண் தெளிந்தால் தோள் மங்கிவிடும். துளையை இன்னும் சுருக்கலாமே என்றால், இந்த நெருக்கத்தில் எஃப் 16 என்பது ஏறக்குறைய எஃப் 32 ஆகிப் படம் முழுதும் கூர்மை இழந்து சோர்ந்துவிடும். ஆக, மூச்சை விட்டுவிட்டு, அடுத்த மூச்சை இழுக்குமுன் சாய்ந்து, கண்ணில் மினுக்கம் தெரியும் இடத்தில் ஷட்டரை அழுத்த வேண்டும். பத்துக்கு ஒன்று தேறும்.

அந்த ஏழு மாதத்தில்தான் மகரந்தத் தூள் விழும் படம் கிடைத்தது. தும்பைப் பூவின் மேலுதடு தேனீயின் முதுகில் மகரந்தப்பொடி தேய்க்கும் படமும். எருக்கில் வந்த கருவண்டின் காலில் தராசுத் தட்டுகள்போல் இரட்டையாகத் தொங்கிய மகரந்தக் கட்டியும். தேனீ என்று நான் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்த பழைய படம் ஒன்று உண்மையில் தேனீ வேடம் போட்ட ஈ என்பதும் அப்போதுதான் உறைத்தது. இறக்கை இரண்டுதான், தேனீக்கு நான்கு. விடியலில் ஆண் நீலப்பட்டைத் தேனீக்கள் காய்ந்த குச்சியைத் தாடையால் கடித்துக்கொண்டு வரிசையாகத் தூங்கும். வெயில் படும்வரை அசையாது. ட்ரைபாடில் வைத்து, ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்த இருபது படம் அடுக்கி ஒன்றாக்கினேன். ஒவ்வொரு மயிரும் எண்ணலாம் போல வந்தது. அந்தப் படத்தைப் பார்க்கும்போது இந்தக் கண்ணாடியை வடித்தவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று தோன்றும். குழலை வடித்தவன் வேறு ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு மோட்டாருக்கு எதற்குப் பணம் கொடுத்தேன் என்று கேட்கலாம். பூஞ்சையைத் துடைக்கத்தான் அனுப்பினேன். பிரித்தாகிவிட்டது, மோட்டாரையும் மாற்றிவிடலாம் என்றார்கள். கெட்ட பொருளை வீட்டில் வைக்கக் கூடாது என்று அம்மா வேறு. சரி என்றுவிட்டேன். வந்த அன்று ஆசைக்கு ஆட்டோஃபோகஸைப் போட்டுத் துளசியடியில் உட்கார்ந்தேன். ஆமை உள்ளே போனது, வெளியே வந்தது. தேனீ போய்விட்டது. பக்கவாட்டுப் பொத்தானைக் கைமுறைக்குத் தள்ளி, அது தானாக நகராதபடி அதன்மேல் டேப் ஒட்டிவிட்டேன். எட்டாயிரத்து எழுநூறு ரூபாய் மோட்டார் அந்த டேப்புக்கு அடியில் இருக்கிறது.

நியாயமாகச் சொன்னால் ஒன்றிரண்டு குறையை என் பக்கமும் சேர்க்க வேண்டும். ஃபிளாஷுக்குத் தெர்மாகோல் தட்டும் டிரேசிங் பேப்பரும் வைத்து நானே செய்த, ஒளியை மென்மையாக்கும் டிஃப்யூசர், குழல் நீளும்போது சரியான இடத்தில் ஒளியைக் கொட்டுவதில்லை. லென்ஸ் அப்படித்தான் என்று தெரிந்தும் மறுபடி மறுபடி அதே அளவில்தான் வெட்டினேன். கொசுத்தேனீக்கு இந்த லென்ஸ் போதாது என்று திட்டியதும் தப்பு. நான்கு மில்லிமீட்டர்கூட இல்லாத உயிருக்கு 1:1 போதவே போதாது, அது எந்த லென்ஸ் ஆனாலும் சரி.

தம்பிக்கு என் பதில்: வாங்காதே. விலை இன்னும் பாதியானாலும் வாங்காதே. குழல் நீளாமல் உள்ளுக்குள்ளேயே ஃபோகஸ் செய்யும் லென்ஸ்கள் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, கொஞ்சம் காசு சேர்த்து அதில் ஒன்றைப் பார். என்னுடையதை விலைக்குக் கேட்டால் தரமாட்டேன், அது வேறு விஷயம்.

நேற்று அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. மேசைமேல் பெட்டி, பிரிக்காமல். நான் சொன்னதைக் கேட்ட பிறகு வாங்கினானா, கேட்கும் முன்பே வாங்கிவிட்டுத்தான் கேட்டானா என்று விசாரிக்கவில்லை. லென்ஸ் முனையில் மாட்ட, கூட வரும் ஹூடைப் பெட்டியிலேயே வைத்துக் கட்டிவிடு, அதை மாட்டினால் இருக்கிற பத்து சென்டிமீட்டரில் பாதி போய்விடும் என்று மட்டும் பதில் போட்டேன்.