ஸ்டெல்லன்போஷா, ஃபிரான்ஷூக்கா, கேப் டவுனா: ஒயினுக்கும் விருந்துக்கும் இரவுக்கும் எங்கே தங்குவது?

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்தில் ஒயினையும் நல்ல உணவையும் இரவு நேர உற்சாகத்தையும் ஒரே பயணத்தில் அனுபவிக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் எந்தத் தோட்டத்துக்குப் போவது என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். என் அனுபவத்தில் அது இரண்டாவது கேள்வி. எந்த ஊரில் படுக்கை போடுவது என்பதே முதல் கேள்வி. ஒயின் சுவைக்கும் கூடங்கள் பெரும்பாலும் மாலை ஐந்து மணிக்குள் மூடிவிடும், இரவு விருந்து ஏழு மணிக்கு மேல்தான் சூடுபிடிக்கும், நடன விடுதிகள் பத்து மணிக்குப் பிறகே விழித்துக்கொள்ளும். இந்த மூன்றுக்கும் இடையே உள்ள தூரத்தை யார் வண்டியோட்டிக் கடப்பது என்பதை முடிவு செய்யாமல் போனால், பாதிப் பேர் குடிக்காமலும் மீதிப் பேர் குற்ற உணர்வோடும் திரும்ப வேண்டியிருக்கும். அங்கே சாதாரண ஓட்டுநர் ஒருவரின் 100 மில்லி இரத்தத்தில் 0.05 கிராம் ஆல்கஹாலை எட்டினாலே சட்டப்படி குற்றம். நான்கைந்து தோட்டங்களில் நான்கைந்து மாதிரிகளைச் சுவைத்த எவரும் அந்த எல்லைக்குள் இருப்பதாக நம்பிக்கொண்டு சாவியைத் தொடக் கூடாது.

போட்டியில் இருப்பவை மூன்று இடங்கள். கேப் டவுனிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கிழக்கே பல்கலைக்கழக ஊரான ஸ்டெல்லன்போஷ். அங்கிருந்து ஹெல்ஸ்ஹூக்டே கணவாயைத் தாண்டி மேலும் 30 கிலோமீட்டர் போனால், மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் ஃபிரான்ஷூக். மூன்றாவது, கேப் டவுன் நகரிலேயே தங்கி, நகருக்குள்ளேயே அமைந்துள்ள கான்ஸ்டான்ஷியா பள்ளத்தாக்குத் தோட்டங்களுக்கு அரை நாள் போய்வருவது. ஜோகன்னஸ்பர்கில் இரவு இன்னும் துடிப்பானது என்றாலும் அதன் வாசலில் ஒயின் தோட்டங்கள் இல்லை. டர்பனின் உணவு தமிழருக்கு மிக நெருக்கமானது என்றாலும் அது வேறொரு பயணம். ஆகவே இரண்டையும் இங்கே சேர்க்கவில்லை.

ஒயினை மட்டும் அளவுகோலாக வைத்தால் ஸ்டெல்லன்போஷ்தான் முன்னே நிற்கிறது. 1679-இல் சைமன் வான் டெர் ஸ்டெல் நிறுவிய இந்த ஊரைச் சுற்றி 150-க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். தோட்டங்களை இணைக்கும் நாட்டின் முதல் ஒயின் சுற்றுலாத் தடமும் 1971-இல் இங்கேதான் உருவானது. ஷாம்பெயின் முறையில் புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவைக்கும் நுரை ஒயினை அங்கே ‘கேப் கிளாசிக்’ என்கிறார்கள். அவ்வகையின் முதல் ஒயினான ‘காப்ஸ ஃபொங்கல்’ அதே 1971-ஆம் ஆண்டின் அறுவடையில் சைமன்சிக் தோட்டத்தில் பிறந்தது. தென்னாப்பிரிக்காவுக்கே உரிய திராட்சையான பினோடாஜை 1925-இல் பேராசிரியர் ஆபிரகாம் பெரோல்ட், பினோ நுவாரையும் சின்சோவையும் கலப்பினம் செய்து இந்த ஊரில் உருவாக்கினார்.

பினோடாஜைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் முதல் மிடறிலேயே அதை வெறுத்து ஒதுக்கியவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். சரியாகக் கையாளப்படாத பினோடாஜில் கருகிய ரப்பர் வாடை அடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் சைமன்ஸ்பெர்க் மலைச்சரிவில் உள்ள கனோன்காப் போன்ற தோட்டங்களில், ஊன்றுகோல் இல்லாமல் புதர்போல் வளரவிட்ட பழைய கொடிகளிலிருந்து வரும் பினோடாஜைக் கிண்ணத்தில் சுழற்றி மூக்கருகே கொண்டுபோனால், நன்றாகப் பழுத்த நாவல் பழத்தைக் கையில் நசுக்கியதுபோல ஒரு மணம் எழும். நாக்கில் அதே நாவலின் மெல்லிய துவர்ப்பு தங்கும். நாவல் பழம் தின்று வளர்ந்த நமக்கு அந்தச் சுவை அந்நியமே இல்லை. அந்தத் தோட்டத்தின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. முற்காலத்தில் கப்பல்கள் கேப் டவுனின் மேசை விரிகுடாவுக்குள் நுழைந்ததும் இங்குள்ள குன்றிலிருந்து பீரங்கி முழங்கும். அதைக் கேட்ட குடியானவர்கள் விளைபொருளை வண்டியில் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் புறப்படுவார்கள். பீரங்கிக் குன்று என்பதே கனோன்காப்.

ஸ்டெல்லன்போஷின் குறை, தோட்டங்கள் நான்கு திசையிலும் சிதறிக் கிடப்பதுதான். ஏறி இறங்கும் சுற்றுலா வண்டிகள் குறிப்பிட்ட சில தோட்டங்களுக்கு மட்டுமே போகின்றன. மற்றவற்றுக்கு நாள் வாடகைக்கு ஓட்டுநரோடு வண்டி அமர்த்துவதே வழி. நால்வராகப் பகிர்ந்துகொண்டால் இந்தச் செலவு பெரிதாகத் தெரியாது. இருவராக இருந்தால் சற்று உறைக்கும்.

இந்தக் குறையைத்தான் ஃபிரான்ஷூக் மிக அழகாகத் தீர்த்துவைத்திருக்கிறது. 2012-இல் தொடங்கிய ஒயின் டிராம், பழைய இரயில் பாதையில் ஓடும் திறந்த டிராமையும் சாலையில் ஓடும் டிராம் பேருந்தையும் இணைத்து, பல வண்ணத் தடங்களாகப் பள்ளத்தாக்கு முழுவதையும் வளைய வருகிறது. காலையில் ஒரு சீட்டு வாங்கிவிட்டால், ஒவ்வொரு தோட்டத்திலும் இறங்கி, சுவைத்து, நிழலில் உட்கார்ந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வரும் அடுத்த வண்டியைப் பிடிக்கலாம். யாரும் வண்டியோட்ட வேண்டாம், யாரும் யாருக்காகவும் தியாகம் செய்ய வேண்டாம். ஆனால் அந்த ஒரு மணி நேரம் சில தோட்டங்களில் போதாது, சிலவற்றில் மிகுதி. டிசம்பர், ஜனவரியில் ஒரே வண்டியிலிருந்து நாற்பது பேர் இறங்கி ஒரே மேசைக்கு விரையும்போது, ஊற்றித் தருகிறவரிடம் நின்று நிதானமாக ஒரு கேள்வி கேட்க முடிவதில்லை. ஒயினைப் பற்றித் தெரிந்துகொள்ள வருகிறவருக்கு இது பெரிய இழப்பு. நண்பர்களோடு ஒரு நாளைக் கழிக்க வருகிறவருக்கோ இதைவிடச் சிறந்த ஏற்பாடு அந்த மாகாணத்தில் இல்லை.

1688-இல் பிரான்சிலிருந்து மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த ஹியூகெனாட் எனப்படும் புராட்டஸ்டன்ட் குடும்பங்கள் குடியேறியதால் ‘பிரெஞ்சு மூலை’ என்று பொருள்படும் பெயரைப் பெற்ற ஊர் இது. அந்த மரபு இன்று ஒயினைவிட உணவில் அதிகம் தெரிகிறது. ஒரே நெடுந்தெருவில் நடந்தே போகும் தூரத்துக்குள் இத்தனை நல்ல உணவகங்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. மலைநீரில் வளர்ந்த டிரவுட் மீனைப் புகையூட்டி, மேலே கொஞ்சம் வெந்தயக்கீரை போன்ற இலைத்தூவலும் புளித்த பாலேடும் சேர்த்துப் பரிமாறும் எளிய தட்டுக்கு அருகே, குளிர்ந்த கேப் கிளாசிக் ஒரு கிண்ணம் இருந்தால் மதியம் முழுவதும் நகரத் தோன்றாது. சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: பல சுற்றுகளாகப் பரிமாறும் விருந்துகளில் சைவ வரிசை உண்டு, ஆனால் மேசை பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். ஃபிரான்ஷூக்குக்கும் பார்லுக்கும் நடுவே உள்ள பாபிலோன்ஸ்டோரன் தோட்டத்தில், 300-க்கும் மேற்பட்ட வகைச் செடிகள் வளரும் காய்கனித் தோட்டத்திலிருந்து அன்று பறித்ததே பழைய மாட்டுக்கொட்டகையில் அமைந்த உணவகத்தின் தட்டுக்கு வருகிறது. ஒயின் நாட்டில் காய்கறிக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும் இடம் அதுவே.

ஃபிரான்ஷூக் தோற்பது இரவில். ஒன்பதரை மணிக்குள் பெரும்பாலான சமையலறைகள் அடங்கிவிடும். அதன்பின் தெருவில் நாய் குரைப்பதுகூடத் தெளிவாகக் கேட்கும். முதல் பயணத்தில் நான் ஊருக்கு வெளியே நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு தோட்ட விடுதியில் அறை எடுத்துவிட்டு, விருந்து முடிந்து தெருவில் நின்று செயலியில் வண்டி தேடினேன். அரை மணி நேரம் ஒரு வண்டியும் வரவில்லை. கடைசியில் உணவகத்தில் பரிமாறிய இளைஞர், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் தம் சிற்றப்பாவின் வண்டியில் எங்களை இறக்கிவிட்டுப் போனார். அந்த அன்பை நான் மறக்கவில்லை. ஆனால் அடுத்த முறையிலிருந்து நெடுந்தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் மட்டுமே அறை எடுக்கிறேன்.

கான்ஸ்டான்ஷியாவின் கணக்கே வேறு. தோட்டங்கள் ஏறத்தாழ பத்துதான், நகரின் மையத்திலிருந்து அரை மணி நேரப் பயணம்தான். ஆனால் நாட்டின் ஒயின் வரலாற்றின் ஆழம் இங்கேதான் இருக்கிறது. கேப்பில் முதல் கொடியை அங்கே டச்சுக் குடியேற்றத்தை நிறுவிய யான் வான் ரீபேக் 1655-இல் நட்டார். முதல் சாறு 1659 பிப்ரவரி 2 அன்று பிழியப்பட்டது. அதே வான் டெர் ஸ்டெல் 1685-இல் கான்ஸ்டான்ஷியா நிலத்தைப் பெற்றார். கொடியிலேயே வற்றவிட்ட மஸ்கட் திராட்சையில் செய்த கான்ஸ்டான்ஷியாவின் இனிப்பு ஒயின் ஐரோப்பிய அரண்மனைகளுக்குப் போனது. செயின்ட் ஹெலினாத் தீவில் சிறைவைக்கப்பட்ட நெப்போலியனுக்கும் போனது. பின்னர் வழக்கொழிந்த அந்த ஒயினை 1986 அறுவடையிலிருந்து கிளைன் கான்ஸ்டான்ஷியா தோட்டம் ‘வான் டு கான்ஸ்டான்ஸ்’ என்ற பெயரில் மீட்டெடுத்தது. சர்க்கரைப் பாகில் ஊறிய நார்த்தங்காய்த் தோல், தேன், கடைசியில் இஞ்சியின் ஒரு சுருக்கு, இவை ஒன்றன்பின் ஒன்றாக நாக்கில் வந்துபோகும். விலை அதிகம். புட்டி வாங்காவிட்டாலும் அங்கேயே ஒரு மிடறு சுவைத்துவிட்டு வரத் தவறாதீர்கள்.

குரூட் கான்ஸ்டான்ஷியாவின் வெள்ளைச் சுவர் மாளிகை இன்று அருங்காட்சியகம். ஒயின் கிண்ணத்தோடு வெளியே நிற்பவர்கள் பலரும் உள்ளே நுழைவதில்லை. இந்தத் தோட்டங்களை எழுப்பியவர்கள் அடிமைகள், அவர்களில் வங்கத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் டச்சுக் கப்பல்களில் கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு. அடிமை முறை ஒழிந்த பிறகும் கூலியின் ஒரு பகுதியை மட்ட ஒயினாகவே அளந்து ஊற்றிய ‘டொப்’ முறை, சட்டம் தடைசெய்த பின்னும் நெடுங்காலம் ஒழியாமல் குடும்பம் குடும்பமாகச் சீரழித்தது. இதை அறிந்துகொண்டு குடிப்பதே அந்த மண்ணுக்கு நாம் தரும் குறைந்தபட்ச மரியாதை என்று நினைக்கிறேன். ஆகவே புட்டி வாங்கும்போது, தொழிலாளர் நலனைச் சரிபார்த்து ‘வியட்டா’ அமைப்பு வழங்கும் நியாயத் தொழில்முறை முத்திரை இருக்கிறதா என்று நான் பார்ப்பதுண்டு. மூன்று பகுதிகளிலும் அத்தகைய தோட்டங்கள் இருக்கின்றன.

கேப் டவுனில் தங்குவதன் முழுப் பயனும் மாலை ஆறு மணிக்குப் பிறகே தெரியும். டிசம்பரில் சூரியன் மறைய எட்டு மணி ஆகிவிடும். கேம்ப்ஸ் பே கடற்கரையில் கதிரவன் கடலில் இறங்குவதைப் பார்த்துவிட்டுப் பிரீ தெருவுக்கு வந்தால், ஒயினைக் கிண்ணக் கணக்கில் ஊற்றித் தரும் சிறு விடுதிகளும் நல்ல உணவகங்களும் வரிசையாக இருக்கின்றன. அருகே லாங் தெருவில், இரும்புப் பூவேலை செய்த விக்டோரியா காலத்து மாடங்களுக்குக் கீழே, அமாபியானோ இசையின் தாழ்ந்த அதிர்வு நடைபாதையிலேயே காலில் ஏறும். நள்ளிரவுக்குப் பிறகும் ஆட விரும்புகிறவர்களுக்கு மூன்று இடங்களில் இது ஒன்றே விடை. ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை ஓவியக் கூடங்கள் இரவு வெகுநேரம் திறந்திருக்கும் ‘ஃபர்ஸ்ட் தர்ஸ்டேஸ்’ அன்று ஊரே தெருவில் இறங்கிவிடும். ஆட்டத்தில் நாட்டமில்லாதவர்களுக்கும் அந்த இரவு பிடிக்கும். ஆனால் இருட்டிய பிறகு இரண்டு தெரு தள்ளிப் போவதானாலும் வண்டியில்தான் போக வேண்டும், கைப்பேசியைத் தெருவில் கையில் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. இதை உள்ளூர் நண்பர்களே முதலில் சொல்வார்கள்.

உணவிலும் நகரத்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. போ-காப் பகுதியின் கேப் மலாய்ச் சமையலில், மசாலாவும் உலர் திராட்சையும் சேர்த்த கொத்துக்கறியின்மேல் முட்டையும் பாலும் கலந்து ஊற்றிச் சுட்ட பொபோட்டியை மஞ்சள் சோற்றோடு சாப்பிடும்போது, பட்டையும் கிராம்பும் பிரியாணி இலையும் நம் வீட்டை நினைவூட்டும். அங்குள்ள பெரும்பாலான உணவகங்கள் முஸ்லிம் குடும்பங்கள் நடத்துபவை என்பதால் மது கிடைக்காது. அந்த ஒரு வேளையை ஒயின் இல்லாத வேளையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெல்லன்போஷின் இரவு இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பிப்ரவரி முதல் நவம்பர் வரை கல்லூரி நடக்கும் மாதங்களில் மாணவர் கூட்டத்தால் விடுதிகள் ததும்பும். டிசம்பர், ஜனவரியில் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவதால் ஓக் மரங்கள் நிழல் பரப்பும் டோர்ப் தெருவும் அதைச் சுற்றிய உணவகங்களும் பயணிகளுக்கே உரியவை. நல்ல விருந்து உண்டுவிட்டு, வெண்சுவர் வீடுகளின் ஓரமாகப் பத்து நிமிடம் நடந்து அறைக்குத் திரும்பும் சுகத்தை இங்கே அனுபவித்தேன். நகரில் அது இல்லை, ஃபிரான்ஷூக்கில் அதற்குப் பின் போக இடமில்லை.

ஆகவே என் தேர்வு இது. ஐந்து இரவுகள் இருந்தால் மூன்றை ஸ்டெல்லன்போஷில் வைப்பேன். விமான நிலையம் நகருக்கும் இந்த ஊருக்கும் இடையிலேயே இருப்பதால் இறங்கியதும் நேரே வந்துவிடலாம். ஒரு நாள் இங்குள்ள தோட்டங்களுக்கு ஓட்டுநரோடு வண்டி. மறுநாள் காலை ஃபிரான்ஷூக் போய் டிராமில் சுற்றி, அங்கேயே நீண்ட மதிய விருந்து உண்டு, வெளிச்சம் இருக்கும்போதே கணவாய் வழியாகத் திரும்புவது. விருந்துதான் உங்கள் பயணத்தின் மையம் என்றால், மூன்றில் ஓர் இரவை ஃபிரான்ஷூக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். கடைசி இரண்டு இரவுகள் கேப் டவுனுக்கு. ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை அறுவடைக் காலம், தோட்டங்களில் நொதிக்கும் திராட்சையின் மணம் காற்றிலேயே இருக்கும். தேதியைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் பிப்ரவரியின் அல்லது மார்ச்சின் முதல் வியாழக்கிழமை கேப் டவுனில் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, அன்று பகலில் கான்ஸ்டான்ஷியாவுக்குப் போய்வாருங்கள்.