பெல்ட்டா, ஹைட்ரோவா? மட்டக்களப்பு மைதானங்களுக்கு எது பொருந்தும்

புல்வெட்டும் இயந்திரம் என்றதும் இங்கே பலருக்கும் நினைவில் வருவது பிரஷ்கட்டர்தான். தோளில் மாட்டி, நைலோன் நூலைச் சுழற்றி வெட்டும் அது வேலியோரத்துக்கும் வாய்க்கால் கரைக்கும் போதும். பத்துப் பேர்ச் வளவுக்கு 21 அங்குலத் தள்ளு இயந்திரமே தாராளம். நான் பேசப்போவது இவற்றைப் பற்றி அல்ல. 36 அல்லது 48 அங்குல வெட்டுத்தட்டோடு, ஆள் பின்னால் நடந்தபடி ஓட்டும் தொழில்முறை இயந்திரங்களைப் பற்றி. இவற்றில் சக்கரங்களைப் பெல்ட் உருட்டும் வகையும் உண்டு, ஒயிலின் அழுத்தம் உருட்டும் ஹைட்ரோ வகையும் உண்டு. எதை வாங்குவது? பாடசாலை மைதானம், விளையாட்டுக் கழகம், பாசிக்குடா ஹோட்டல், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகம் போன்ற பெரிய வளாகம் என்று ஏக்கர் கணக்கில் புல் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி எழும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஹைட்ரோ வாங்கினால் பெல்ட்டே இருக்காது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வகையிலும் பிளேடைச் சுழற்றுவது பெல்ட்தான். ஹைட்ரோவின் பம்புகளுக்கு எஞ்சினிலிருந்து விசை போவதும் பெரும்பாலும் பெல்ட் வழியாகத்தான். வேறுபாடு சக்கரங்களை எது உருட்டுகிறது என்பதில் மட்டும். புல் வெட்டப்படும் நேர்த்தி வெட்டுத்தட்டையும் பிளேடின் கூர்மையையும் பொறுத்தது. அதற்காக ஹைட்ரோவுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பெல்ட் வகையில் எஞ்சினின் விசை ஒரு சிறிய கியர்பெட்டிக்குப் போய், அங்கிருந்து இரு சக்கரங்களுக்கும் தனித்தனிப் பெல்ட்டில் பிரிகிறது. கைப்பிடியில் இரண்டு நெம்புகோல்கள். இடப்பக்கத்தை அழுத்தினால் இடது சக்கரத்தின் பெல்ட் தளரும். முழுக்க அழுத்தினால் பிரேக் பிடிக்கும். இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். லேண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரத்தை ஓட்டிப் பழகிய கைக்கு இதைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை: இறக்கத்தில் அரைகுறையாக அழுத்தினால் அந்தச் சக்கரம் பிடியின்றித் தானாக உருளத் தொடங்கிவிடும். பிரேக் பிடிக்கும்வரை அழுத்த வேண்டும்.

ஹைட்ரோவில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு பம்பும் ஒரு மோட்டாரும் உண்டு. ஒயிலின் அழுத்தமே சக்கரத்தை உருட்டுகிறது. கியர் மாற்றும் வேலை இல்லை. நெம்புகோலின் நகர்வுக்கு ஏற்ப வேகம் கூடும், குறையும். ஒரு சக்கரத்தை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் உருட்டி, நின்ற இடத்திலேயே திரும்பலாம். இதில் பின்னோக்கிப் போவதுதான் பெரிய விடயம். பெல்ட் வகைகளில் பலவற்றுக்கு உண்மையான பின்னோட்டம் கிடையாது. இருப்பவற்றிலும் அது உதவிக்கு ஓர் இழுப்பு, அவ்வளவுதான். மிச்சத்தை ஆள்தான் இழுக்க வேண்டும்.

வெறும் மைதானத்தில் இது ஒரு குறையே அல்ல. நேராகப் போய், கோடியில் திரும்பி, நேராக வரும் வேலைக்குப் பின்னோட்டம் எதற்கு? ஆனால் தென்னை நிற்கும் ஹோட்டல் வளாகத்துக்கு வாருங்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் முட்டி, பின்வாங்கி, சுற்றிப்போக வேண்டும். ஏறத்தாழ இருநூறு கிலோ பாரத்தைச் சூடான கச்சான் காற்று வீசும் மதியத்தில் மரத்துக்கு மரம் இழுத்துப் பின்வாங்கும் ஆளிடம் கேட்டால், எந்த இயந்திரம் நல்லது என்று அவர் ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்.

அடுத்தது மழை. நவம்பர் முதல் ஜனவரி வரை நமக்கு மாரி. புல் வெறிபிடித்து வளர்வதும் அப்போதுதான், பெல்ட் வழுக்குவதும் அப்போதுதான். நனைந்த கப்பியில் பெல்ட் பிடிமானம் இழந்து கீச்சிடும். ஒரு சக்கரம் உருள, மற்றது தயங்க, இயந்திரம் கோணலாக இழுக்கும். ஹைட்ரோவின் சக்கரம் ஈரத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. இதைக் கேட்டதும் ஹைட்ரோ பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். அடைமழையில் ஊறிய மைதானத்தில் எந்தப் பாரமான இயந்திரத்தை இறக்கினாலும் டயர்த் தடம் குழியாக விழும். ஹைட்ரோ பொதுவாகக் கூடுதல் பாரம் வேறு. நிலம் இறுகும்வரை காத்திருக்க முடிந்தவர்களுக்குப் பெல்ட் வழுக்கும் நாட்கள் குறைவே. விருந்தினர் வருகிறார்கள், வெட்டியே ஆகவேண்டும் என்பவர்களுக்குக் கதை வேறு.

சரிவில் ஹைட்ரோ சிறந்தது என்பது உண்மை. ஆனால் மட்டக்களப்பில் சரிவு எங்கே இருக்கிறது? உன்னிச்சை போன்ற குளக்கட்டுகளைச் சொல்வீர்கள். அங்கே இரண்டுமே வேண்டாம், பிரஷ்கட்டர்தான் சரி.

பழுதுபார்ப்பில்தான் பெல்ட் வகை தன் பலத்தைக் காட்டும். பெல்ட் அறுந்தால் இரண்டு சாவியோடு மரநிழலில் மாற்றிவிடலாம். செங்கலடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் சம்மாந்துறையிலும் நெல் இயந்திரங்களுக்கான பெல்ட்டுகளோடு கடைகள் உண்டு. அளவு ஒத்துப்போனதும் எடுத்து மாட்டிவிடத் தோன்றும். அங்கேதான் கவனம் வேண்டும். நெம்புகோலில் தளர்ந்தும் இறுகியும் கிளட்ச்சாக வேலைசெய்யும் பெல்ட்டுக்குள் பெரும்பாலும் கெவ்லார் நூல் இருக்கும். சாதாரணப் பெல்ட் சீக்கிரம் நீண்டுவிடும். சில சமயம் நெம்புகோலை அழுத்தியும் கப்பியைவிட்டு விலகாமல் பற்றிக்கொள்ளும். நிற்க வேண்டிய இயந்திரம் நிற்காது. அவசரத்துக்கு மாட்டலாம், அதையே நிரந்தரமாக்கக் கூடாது.

ஹைட்ரோவைத் தொடவே நம் ஊர் மெக்கானிக்குகளுக்குத் தெரியாது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. அம்பாறை வயல்களில் நெல் வெட்டும் குபோடா டிசி-70 அறுவடை இயந்திரம் ஓடுவதும் இதே ஒயில் அழுத்த (ஹைட்ரோஸ்டாட்டிக்) முறையில்தான். அதைக் கழற்றிப் பூட்டுபவர்களுக்கு இதன் தத்துவம் புதிதல்ல. பிரச்சினை உதிரிப்பாகம். பம்போ சக்கர மோட்டாரோ போனால் அதைத் தருவிக்க வேண்டும், விலை கசக்கும், வரும்வரை புல் காத்திருக்காது. அதனால் ஒயில் விடயத்தில் சோம்பல் கூடாது. சில இயந்திரங்கள் 20டபிள்யூ-50 எஞ்சின் ஒயிலையே ஏற்கும். சிலவற்றுக்குத் தனி ஹைட்ரோலிக் ஒயில் வேண்டும். கைநூல் சொல்வதே முடிவு. எஞ்சின் நிற்கும்போது தள்ள வேண்டுமானால், ஒயிலைத் தடையின்றி ஓடவிடும் பைபாஸ் வால்வைத் திறந்துவிட்டுத் தள்ளுங்கள்.

கடற்கரைக் காற்று இரண்டையும் விடாது. உப்பு முதலில் கைவைப்பது கேபிளிலும் ஸ்பிரிங்கிலும். பெல்ட் வகையில் இவை கூடுதலாக இருப்பதால் துருவும் கூடுதல்.

என் தீர்ப்பு இது. பாடசாலைக்கும் கழகத்துக்கும் பெல்ட். மிஞ்சும் பணத்தில் ஒரு செட் மாற்றுப் பிளேடும் உரிய பெல்ட்டும் வாங்கி வையுங்கள். மரங்களுக்கிடையே கிழமைதோறும் வெட்டும் ஹோட்டலுக்கு ஹைட்ரோ. புல்லைவிட மாடுகள் அதிகம் திரியும் மைதானத்துக்கு எதுவும் வேண்டாம், அவையே பார்த்துக்கொள்ளும்.

பழைய ஹைட்ரோ இயந்திரம் விலைக்கு வந்தால், குளிர்ந்த நிலையில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு முற்பணம் கொடுக்காதீர்கள். தேய்ந்த பம்பு ஒயில் குளிர்ந்திருக்கும்போது நன்றாகவே இழுக்கும். சூடேறி ஒயில் இளகியபின்தான் துவளும். அரை மணி நேரம் வெயிலில் புல் வெட்டவிட்டு, பிறகு ஒரு சிறு மேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். இரண்டு சக்கரமும் ஒரே சீராக ஏறினால் விலை பேசலாம்.