தைப் பனியில் வடக்கே: காசியா, காஷ்மீரா, ராஜஸ்தானா?

‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள் நம்மூரில். அந்தப் பனி புல் நுனியில் நிற்கும் ஈரம். காலை எட்டு மணி வெயில் பட்டால் போய்விடும். தை பிறக்கும் அதே வாரத்தில் வடக்கே போனால், பனி என்ற ஒரே சொல்லுக்குள் நாம் போட்டு வைத்திருக்கும் நாலு சங்கதிகள் தனித்தனியாக வந்து நிற்கும். புல்லில் நிற்பதை அங்கே ஓஸ் என்கிறார்கள். கண்ணை மறைக்கும் மூடுபனி கோஹ்ரா. பயிரைக் கருக்கும் உறைபனி பாலா. வானத்திலிருந்து பஞ்சு மாதிரி விழுவது பர்ஃப்.

பொங்கல் லீவுக்கு வடக்கே எங்கே போகலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: இந்த நாலில் எதைப் பார்க்க ஆசை, எதில் மாட்டிக்கொள்ள முடியாது? ஜனவரியில் காசிக்கு இரண்டு முறையும், ஸ்ரீநகருக்கு ஒரு முறையும், ஜெய்சல்மேர், கட்ச் பக்கம் ஒரு முறையும் போய் வந்திருக்கிறேன். மூன்றும் ஒரே நாட்டில், ஒரே மாதத்தில் இருக்கின்றன என்பதை நம்பவே முடியாது.

முதலில், ஃபோனில் காட்டும் டிகிரியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஜனவரியில் வழக்கமாக ஸ்ரீநகரில் பகலில் 7 டிகிரி, இரவில் மைனஸ் 2 இருக்கும். காசியில் பகலில் 21, இரவில் 9. ஜெய்சல்மேரில் பகலில் 24, இரவில் 8. இதைப் பார்த்தால் காசி பரவாயில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். நான் அதிகமாக நடுங்கியது காசியில்தான்.

காரணம் வீடுகள். கங்கைச் சமவெளியின் வீடுகளைக் கோடைக்காகக் கட்டியிருக்கிறார்கள். உயரமான கூரை, சலவைக்கல் அல்லது மொசைக் தரை, இடைவெளி விட்டு மூடும் ஜன்னல். மே மாதத்தில் 44 டிகிரி வெயிலைத் தாங்க அதெல்லாம் வேண்டும். ஜனவரியில் அதே அறை ஐஸ் பெட்டி. நாங்கள் தங்கிய விடுதியில் அம்மா மூன்று நாளும் கட்டிலை விட்டுக் காலைக் கீழே வைக்கவே இல்லை. குளியலறைக்குப் போக செய்தித்தாளை வரிசையாக விரித்துப் பாதை போட்டுக் கொடுத்தேன். ரஜாய் என்ற கனத்த பஞ்சுப் போர்வை இரண்டு கொடுத்தார்கள், ஆனால் அதற்குள் உடம்புச் சூடு ஏறவே அரை மணி நேரம் ஆனது. அப்புறம், வெயில் கிடையாது. 21 டிகிரி என்பது எல்லா நாளும் சேர்ந்த சராசரிக் கணக்கு. மூடுபனி மதியம் வரை விலகாத நாளில் பகலிலேயே 13, 14 தாண்டாது. அப்படி நாலைந்து நாள் தொடர்ந்தால் பள்ளிக்கூடங்களுக்கே விடுமுறை விட்டுவிடுவார்கள்.

இந்த மூடுபனி ஏன் அங்கே மட்டும் இப்படிக் கவிகிறது என்று தெரிந்துகொண்டால் பயணத்தைத் திட்டமிடுவது சுலபம். பஞ்சாபிலிருந்து பீகார் வரை தண்ணீர் பாய்ச்சிய கோதுமை வயல்கள். நடுவே பெரிய ஆறுகள். மேகமில்லாத நீண்ட இரவில் தரை சூட்டை இழந்து குளிர்ந்துவிடுகிறது. வடக்கே இமயமலை மறித்து நிற்க, காற்றும் அசைவதில்லை. தரையை ஒட்டிய ஈரம் அப்படியே மூடுபனியாகித் தங்கிவிடுகிறது, புகையும் தூசியும் அதோடு சேர்கின்றன. மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வரும் ‘மேற்கத்திய இடையூறு’ என்ற வானிலை அமைப்பு ஒரு மழையைப் பெய்துவிட்டுப் போனால், அடுத்த இரண்டு மூன்று நாள் இன்னும் மோசம். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி மூன்றாம் வாரம் வரை இதன் உச்சம். அதாவது சரியாக நம் பொங்கல் லீவு.

50 மீட்டருக்குள் கண் தெரியாமல் போவதைத்தான் வானிலைத் துறை ‘மிக அடர்ந்த மூடுபனி’ என்று சொல்கிறது. டெல்லி விமான நிலையத்தில் 50 மீட்டர் தெரிந்தாலே இறங்கும் வசதி உண்டு, ஆனால் விமானமும் விமானியும் அதற்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும். புறப்படுவதற்குக் கூடுதல் தூரம் தெரிய வேண்டும். ரயிலில் அடுத்த சிக்னல் எவ்வளவு தூரத்தில் என்று சொல்லும் ஜி.பி.எஸ். கருவியை எஞ்சினில் வைத்திருக்கிறார்கள். சிக்னல் வருவதை எச்சரிக்க, சக்கரம் ஏறினால் பட்டாசு போல வெடிக்கும் வில்லையையும் தண்டவாளத்தில் வைப்பார்கள். இருந்தும் மெதுவாகத்தான் ஓட்ட முடியும். காலை ஆறு மணிக்கு இறங்க வேண்டிய நாங்கள் மாலை ஐந்து மணிக்கு இறங்கினோம். அதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜன்னல் வழியே பக்கத்துத் தண்டவாளமே தெரியாத காலை அது.

இவ்வளவு இருந்தும், ஜனவரிக் காசி அழகு. அஸ்ஸி படித்துறையில் விடியற்காலை நின்றால் ஆறு தெரியாது, துடுப்புச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு வெள்ளைக்குள்ளிருந்து ஒரு படகின் மூக்கு மெதுவாக வெளியே வரும். சந்துகளில் ‘மலையோ’ என்ற இனிப்பு விற்பார்கள். காய்ச்சிய பாலை இரவு முழுக்கத் திறந்த வெளியில், பனி இறங்கும்படி வைத்து, விடியலில் கடைந்து எடுத்த நுரை. குங்குமப்பூ மஞ்சளில், மேலே பிஸ்தா தூவி, மண் குவளையில் தருவார்கள். நாக்கில் வைத்ததும் இருந்ததா என்று தெரியாமல் கரைந்துவிடும். குளிர்காலத்தில் மட்டும்தான் கிடைக்கும்.

ஆனாலும் வயதானவர்களோடு, திதி கொடுக்க, ஆறு நாள் லீவில், டெல்லி, ஆக்ரா, காசி என்று ஓடுவதாக இருந்தால் பொங்கல் நேரம் வேண்டாம். ஆக்ராவில் தாஜ்மகால் முன்னால் நின்றுகொண்டே தாஜ்மகாலைத் தேட வேண்டிய காலைகள் இவை. மகர சங்கராந்திக்கும் தை அமாவாசைக்கும் பிரயாக்ராஜில் நீராட வரும் கூட்டம் வேறு காசி வரைக்கும் வழியும். போயே ஆகவேண்டும் என்றால், கடைசி நாளில் இணைப்பு ரயிலையும் விமானத்தையும் ஒட்டி ஒட்டிப் போடாதீர்கள். மதிய விமானம் எடுங்கள். இரவில் நெடுஞ்சாலைக் கார்ப் பயணம் கூடவே கூடாது. டெல்லி ஆக்ரா இடையிலான யமுனா விரைவுச் சாலையிலேயே குளிர்காலத்தில் வேக வரம்பை மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 75 ஆகக் குறைக்கிறார்கள். நீங்கள் ஏறும் நிலையத்தில் ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், ஏறாமல் விட்டு முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். ரயில் கிளம்புவதற்கு முன்பே டி.டி.ஆர்., அதாவது பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பம், போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். விடுதிக்காரர் அன்போடு கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து வைத்தால் வாங்காதீர்கள். அங்கீட்டி என்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினால் கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் நிறைந்துவிடும். ஒவ்வொரு குளிர்காலமும் வடக்கே இப்படிக் குடும்பத்தோடு உயிர் போகிறது.

ஸ்ரீநகர் இதற்கு நேர் எதிர். அங்கே குளிர் விருந்தாளி இல்லை, வீட்டு மனிதர். டிசம்பர் 21 தொடங்கி ஜனவரி கடைசி வரையான நாற்பது நாளுக்குச் சில்லாய் கலான், பெருங்குளிர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பிறகு இருபது நாள் சின்னக் குளிர், பத்து நாள் குட்டிக் குளிர். நகரம் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, நம் கொடைக்கானலை விடத் தாழ்வு. வடக்கே அவ்வளவு தூரம் தள்ளி இருப்பதால்தான் இந்தக் குளிர். அதற்கேற்ற மாதிரி அறையில் புகாரி என்ற இரும்பு அடுப்பு இருக்கும், அதன் புகைபோக்கி கூரை வழியே வெளியே போகும். மெத்தையில் மின்சாரப் போர்வை. தொளதொள ஃபெரன் அங்கிக்குள் காங்கிரி, அதாவது பிரம்பு பின்னிய சின்ன மண்சட்டியில் கனல். நாங்கள் தங்கிய வீட்டம்மா என் கையில் ஒன்றைக் கொடுத்து, முழங்காலுக்கு நடுவே எப்படிச் சாயாமல் பிடிப்பது என்று காட்டினார். வெளியே மைனஸ் 4. வயிற்றுக்குப் பக்கத்தில் அந்தச் சூடு இருக்கும்போது நடுக்கமே இல்லை. காலையில் குழாய் உறைந்துபோய்த் தண்ணீர் வராது, வெந்நீர் ஊற்றித் திறப்பார்கள். ஆட்டுக்கறியை இரவு முழுக்க வேகவிட்டுக் கடைந்த ஹரிசாவை விடியலிலேயே ரொட்டியோடு சாப்பிடுவது அங்கே குளிர்கால வழக்கம். இரவில் அடுப்போ கேஸ் ஹீட்டரோ எரிந்தால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், அங்கீட்டிக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

காஷ்மீரில் இரண்டு விஷயம் உங்கள் கையில் இல்லை. ஒன்று, பனிப்பொழிவு. 2024 ஜனவரி பாதி வரை குல்மார்க்கில் பனியே இல்லாமல் பழுப்புப் புல்தான் தெரிந்தது; மாதக் கடைசியில்தான் விழுந்தது. காசிக்கு மூடுபனி தரும் அதே மேற்கத்திய இடையூறுதான் இங்கே பர்ஃப் தருகிறது. அது வராவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பர்ஃப் மட்டுமே குறி என்றால் பொங்கலை விட்டு ஜனவரி கடைசி, பிப்ரவரி முதல் பாதியைப் பாருங்கள். இரண்டு, திரும்பி வருவது. பனி கொட்டினால் விமானம் ரத்தாகும், ஜம்மு நெடுஞ்சாலை ராம்பன் பக்கம் மண் சரிந்து மூடும். 2025 ஜூன் முதல் ஜம்மு பக்கமுள்ள காட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ரயில் ஓடுகிறது, சுமார் மூன்று மணி நேரம், செனாப் ஆற்றுக்கு 359 மீட்டர் மேலே பாலத்தில் போகும். சாலை மூடிய நாளில் இது பெரிய ஆறுதல். 2025 ஜனவரியில் திறந்த சுரங்கப்பாதையால் சோன்மார்க்குக்கும் குளிர்காலத்தில் போக முடிகிறது. இருந்தாலும் கடைசியில் ஒரு நாளைக் காலியாக விடுங்கள்.

குல்மார்க் போகும்போது சொந்தமாக அமர்த்திய கார் மலையடிவாரத் தங்மார்க்கோடு நிற்கலாம். அதற்கு மேலே சங்கிலி கட்டிய வண்டி வேண்டும். பனி பூட்ஸும் கோட்டும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், சென்னையில் காசைக் கொட்டி வாங்காதீர்கள். கோண்டோலா என்ற ரோப் கார் டிக்கெட்டை முன்பே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். அதன் இரண்டாம் கட்டம் காற்று வீசினால் நின்றுவிடும். நம்மூர் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். 2025 ஏப்ரல் 22 பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு மூடிய இடங்களைப் படிப்படியாகத்தான் திறந்தார்கள், அதனால் எது திறந்திருக்கிறது என்று தங்குமிடத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

பனிக்காக மணாலியைச் சொல்பவர்கள் உண்டு. 2020-இல் திறந்த அடல் சுரங்கப்பாதை 9.02 கிலோமீட்டர், அதன் அந்தப்பக்கம் லாஹௌலில் பனி நிச்சயம் அதிகம். ஆனால் சாலையில் படியும் கண்ணாடி ஐஸும் கார் வரிசையும் பாதி நாளைத் தின்றுவிடும். லடாக்கின் லே வேண்டாம். 3,500 மீட்டர், இரவில் மைனஸ் 15. அந்த உயரத்துக்கு உடம்பு பழக, இறங்கி இரண்டு நாள் சும்மா படுத்திருக்க லீவு போதாது.

சரி, என் தேர்வு என்ன? முதல் முறை குளிர்கால வடக்கைப் பார்க்கும் குடும்பத்துக்கு நான் சொல்வது ராஜஸ்தானின் மேற்குப் பாதிதான். உதய்பூர், ஜோத்பூர், ஜெய்சல்மேர். காற்று வறண்டது, அதனால் மூடுபனி மிகக் குறைவு. காசியின் 9 டிகிரி இரவுக்கும் ஜெய்சல்மேரின் 8 டிகிரி இரவுக்கும் எண்ணில் வித்தியாசமில்லை, விடிந்தபின்தான் வித்தியாசம். ஒன்பது மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில், கோட்டைச் சுவர் தேன் நிறத்தில் சூடேறிவிடும். பதினொரு மணிக்கு ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கலாம். நினைத்த நேரத்துக்கு நினைத்த இடத்தில் இருக்க முடியும், ஆறு நாள் லீவுக்கு அது பெரிய விஷயம். மாநிலம் முழுக்க இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். கங்காநகர் பக்கம் மூடுபனி உண்டு. சூரு, ஃபதேபூரில் இரவு பூஜ்யம் வரை இறங்கி, பயிர்மேல் பாலா வெள்ளையாகப் படியும்.

இரவில் மணல் சூட்டைச் சீக்கிரம் விட்டுவிடும். ஜெய்சல்மேர் பக்கத்துச் சாம் மணல்மேட்டில் அந்தி வரை வெறுங்காலில் இதமாக இருந்த மணல், ஏழு மணிக்கு ஈரத்துணி மாதிரி சில்லிட்டது. கூடாரத்தில் ஓர் இரவு போதும், விடிகாலை நாலு மணிக் குளிரைத் துணிச் சுவர் தடுக்காது. ஜெய்சல்மேரில் கோட்டைக்கு வெளியே தங்குங்கள். 1156-இல் எழுந்த, இன்றும் மக்கள் வாழும் அந்தக் கோட்டைக்குள் விடுதிகள் கொட்டும் தண்ணீர் அடித்தளத்தில் கசிந்து சுவரைத் தளர்த்துகிறது. ஒரு குளியலை வெளியே வைத்துக்கொள்வது நாம் அதற்குச் செய்யக்கூடிய சின்ன உபகாரம். சாப்பாட்டுக்கு நெய்யும் வெல்லமும் வைத்த கம்பு ரொட்டி. நம் வீட்டுக் கம்பு அங்கே குளிர்காலச் சூட்டுக்கான உணவு.

இன்னும் மூன்று நாள் இருந்தால் குஜராத்தின் கட்ச், அங்குள்ள உப்புவெளி. மழைக்காலத்தில் தேங்கிய நீர் வற்றி, ஜனவரியில் உப்பு கெட்டியாகப் படிந்திருக்கும். புஜ்ஜிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் தோர்டோ. தைப்பூச நிலவில் அந்த வெள்ளைத் தரையில் நின்றால் நிழல் கூர்மையாக விழும். தடுக்க எதுவுமில்லாத வெளி என்பதால் காற்று காதைக் கடிக்கும், காதை மூடும் குல்லா அவசியம். பொங்கலன்று அகமதாபாத் வழியாகப் போனால் வானமெல்லாம் பட்டம். அன்று இருசக்கர வண்டியில் போகாதீர்கள், போனால் கழுத்தில் கனமான துணி சுற்றுங்கள். மாஞ்சா நூல் கழுத்தை அறுத்துவிடும்.

குளிரே வேண்டாம் என்றால் அந்தமான், ஜனவரியில் கடல் அமைதியாக இருக்கும். கிழக்கே மேகாலயாவும் நல்லது. உலகிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்றான சிரபுஞ்சியில் இப்போது அருவிகள் மெலிந்திருக்கும், ஆனால் டாவ்கி ஆறு அடி தெரியத் தெளிந்திருக்கும். ஐந்து மணிக்குள் இருட்டிவிடும் என்பதால் நாளைச் சீக்கிரம் தொடங்குங்கள்.

காசிக்கு? மாசி கடைசியில், சிவராத்திரிக் கூட்டம் கலைந்தபிறகு அம்மாவைத் திரும்ப அழைத்துப் போகப்போகிறேன். தரையில் கால் வைக்கலாம், ரயில் நேரத்துக்குப் போகும், கங்கை முழுசாகத் தெரியும். மலையோ கடைகள் மட்டும் இருக்காது.